ஸ்டார்ட் ஆகாத வண்டி

அக்கா: அதைத் தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?

தம்பி: நான் எங்க தொட்டேன்? கை பட்டுடுச்சு.

அக்கா: கை பட்டா அதுக்குப் பேருதான் தொடறது. மீட்டர்ல நம்பர் ஆடுது பாரு. அசையாம நில்லு.

தம்பி: நிக்கிறேன்... நின்னுட்டே இருக்கேன்... இன்னும் எவ்வளவு நேரம்க்கா?

அக்கா: பன்னெண்டு புள்ளி நாலு. பேட்டரி நல்லா இருக்கு.

தம்பி: போன ஞாயித்துக்கிழமையும் நல்லாத்தான் இருந்தது.

அக்கா: அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமையும்தான்.

தம்பி: புது பேட்டரி. நல்லா இல்லாம எங்க போகும்?

அக்கா: அப்புறம் எதுக்குடா வாராவாரம் என்னை மாடியிலேர்ந்து இறக்கி அளக்கச் சொல்றே?

தம்பி: முதல்ல பேட்டரியைப் பாருன்னு புத்தகத்துல போட்டிருக்கு. இந்த வண்டி வந்தப்போ கூடவே வந்த புத்தகம். இருபத்தாறு வருஷமா பத்திரமா வெச்சிருக்கேன்.

அக்கா: புத்தகம் நல்லாத்தான் இருக்கு. வண்டிதான் படுத்துக்கிச்சு.

தம்பி: படுக்கலை. கோவிச்சுக்கிட்டு நிக்குது. நான் இப்ப ஒரு தடவை அடிச்சுப் பாக்கவா?

அக்கா: அடி.

தம்பி: கேட்டியா?

அக்கா: கேட்டேன். போதும், விரலை எடு. செல்ஃப் சுத்துது, இன்ஜின் பிடிக்கலை. அஞ்சு வாரமா இதே சத்தம்தான்.

தம்பி: தும்மல் வர்ற மாதிரி வந்து, வராம போகுதே, அந்த மாதிரி இருக்கு.

அக்கா: நாலு சிலிண்டரும் சேர்ந்து தும்மணும்னா சாமானியமா?

தம்பி: ஒண்ணாந்தேதி கிளம்பணும்க்கா. இன்னும் பத்தே நாள்.

அக்கா: கிளம்பலாம், கிளம்பலாம்.

தம்பி: கடலோர ரோட்டைப் பிடிச்சா ஒரு நாளைக்கு நானூறு கிலோமீட்டர்னு கணக்குப் போட்டு வெச்சிருக்கேன். பஸ் டிப்போவுல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. இருபத்தாறு வருஷத்துல நான் போட்ட மொத லீவுக்கா இது. அதுல அஞ்சு வாரம் இந்த ஷெட்டுலயே போயிடுச்சு.

அக்கா: தெரியும். நூறு தடவை சொல்லிட்டே.

தம்பி: நீ என்னமோ சுரத்தே இல்லாம சொல்றே.

அக்கா: எனக்கு என்ன சுரத்து? காலையில ஏழு மணியிலேர்ந்து இந்த ஷெட்டுல முட்டி போட்டு உக்காந்திருக்கேன். ரிட்டையர் ஆனப்போ, இனிமே ஒயரையே கையால தொட மாட்டேன்னு நினைச்சேன். முப்பது வருஷம் ஒயர் கம்பெனியில குனிஞ்ச தலை நிமிராம உக்காந்தவ. இப்ப வீட்டுக்குள்ளயே ஒரு கம்பெனி வெச்சிருக்கே.

தம்பி: அதனாலதான் உன்னைக் கூப்பிடறேன். ஒயர் வேலையில உன்னை விட்டா ஆள் யாரு?

அக்கா: ஐஸ் வெக்காதே. டீயைக் குடி, ஆறுது.

தம்பி: எங்க வெச்சே?

அக்கா: உன் பக்கத்துலதான்.

தம்பி: எங்... ஐயோ!

அக்கா: போச்சா?

தம்பி: பேசிக்கிட்டே இருந்தேனா, பாக்கலை.

அக்கா: டம்ளர் உன் முழங்கைக்குக் கீழ ஒரு சாண் தூரத்துலடா இருந்தது.

தம்பி: அதான் பாக்கலைன்னு சொல்றேனே. துணி குடு, தொடைக்கிறேன்.

அக்கா: துணியும் அங்கதான் இருக்கு.

தம்பி: எங்க?

அக்கா: ... இரு. நானே தொடைக்கிறேன்.

தம்பி: நல்ல வேளை, புது சீட்டு மேல கொட்டலை. ஸ்பாஞ்சு மாத்தி, ரெக்சின் தைச்சு, ரெண்டு வாரம் ஆச்சு தெரியுமா? எட்டு மணி நேரம் உக்காந்தாலும் இடுப்பு வலிக்காதாம்.

அக்கா: உக்காந்தா பத்தாது. நகரணும்.

தம்பி: நகரும். ஹாண்டில் பாரை ரெண்டு இன்ச் தூக்கியாச்சு. இனிமே குனிய வேண்டாம். லைட்டு பாத்தியா? பழைய மஞ்ச லைட்டு இருந்த இடத்துல வெள்ளை லைட்டு. பகல் மாதிரி அடிக்கும்.

அக்கா: பாத்தேன். நான்தானே ஒயர் இழுத்தேன்.

தம்பி: போன் சார்ஜ் பண்ண ஒரு சாக்கெட். ரெண்டு பக்கமும் பெட்டி. ஒரு பெட்டியில துணிமணி, ஒரு பெட்டியில டூல்ஸ்...

அக்கா: ஓடாத வண்டிக்கு இத்தனை ஜோடனை!

தம்பி: ஓடறப்போ எல்லாம் ரெடியா இருக்கணுமில்ல?

மகள்: கேட்டைத் திறந்து போட்டுட்டு ரெண்டு பேரும் என்ன பண்றீங்க?

தம்பி: யாரது?

மகள்: யாரதுவா? நான்தான்ப்பா. உங்க பக்கத்துலதான் நிக்கிறேன்.

தம்பி: அட, நீயா! வெளிச்சத்துல நின்னியா, முகம் தெரியலை. வா, வா.

அக்கா: வாடியம்மா. அப்பா வீட்டுக்கு வழி மறந்துடுச்சா? ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, ஆளையே காணோம்.

மகள்: வேலை அத்தை. ஊர்ல இருக்கற காபி மெஷின் எல்லாம் ஒரே நேரத்துல படுத்துக்கிச்சு. கடைக்காரங்க எல்லாரும் என் போனுக்குத்தான் அடிக்கிறாங்க.

அக்கா: அடிக்கட்டும். நாங்க அடிச்சாத்தான் நீ எடுக்கறதில்லை.

மகள்: எடுக்கறேனே...

அக்கா: எடுத்து, 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டுட்டு வெச்சுடறே.

மகள்: இந்தாங்கப்பா, உங்க பார்சல். என் அட்ரஸுக்கு வந்துடுச்சு. ஆறடி இருக்கும் போல, பஸ்ஸுல ஏத்தறதுக்குள்ள உயிர் போயிடுச்சு.

தம்பி: அதான், அதான்! காத்துத் தடுக்கற கண்ணாடி. பழசு இவ்வளவூண்டு. இது நெஞ்சு வரைக்கும் மறைக்கும். பிரிக்கவா?

மகள்: பிரிங்க. வண்டி எப்படி இருக்கு?

அக்கா: நின்ன இடத்துலயே இருக்கு.

மகள்: இன்னுமா? நீங்க கிளம்பியே இருப்பீங்கன்னு நினைச்சேன். என்ன பிரச்சினை?

தம்பி: தெரிஞ்சா இங்க ஏன் உக்காந்திருக்கோம்?

மகள்: நான் பாக்கவா?

அக்கா: வேண்டாம்.

தம்பி: வேண்டாம்மா.

மகள்: என்ன ரெண்டு பேரும் கோரஸ் பாடறீங்க?

அக்கா: ஞாயித்துக்கிழமை அதுவுமா வந்திருக்கே. மேல வா, சாப்பிடு.

தம்பி: ஆமாமா. அநாவசியமா கை அழுக்காகும்.

மகள்: யாரு கை? என் கையா? நேத்து முழுக்க ஒரு மெஷினுக்குள்ள முழங்கை வரைக்கும் விட்டு, வருஷக்கணக்கான பால் பிசுக்கை வழிச்சு எடுத்தேன்ப்பா. கொஞ்சம் தள்ளுங்க. காபி மெஷினோ, பைக்கோ, எல்லாத்துலயும் ஒரு ட்யூப்பு, ஒரு ஒயர், ஒரு அழுத்தம், அவ்வளவுதான்.

தம்பி: இது கார்புரேட்டர் வண்டி. உனக்குப் புரியாது.

மகள்: புரியலைன்னா கேக்கறேன். ஸ்பார்க் வருதா?

தம்பி: அத்தையைக் கேளு. அது அத்தை டிபார்ட்மென்ட்.

மகள்: அத்தை?

அக்கா: வருது. வரும்.

மகள்: வருதா, வருமா?

அக்கா: அளந்து பாத்தேன். காயிலுக்கு கரன்ட் வருது.

மகள்: கனெக்டருக்கு இந்தப் பக்கம் வெச்சு அளந்தீங்களா, அந்தப் பக்கமா?

அக்கா: அதெல்லாம் இப்ப ஞாபகம் இல்லை.

மகள்: உங்களுக்கா? எங்க வீட்டு மிக்ஸியோட ஒயர் கலர் இன்னைக்கும் வரிசையா சொல்வீங்களே அத்தை.

அக்கா: வயசாகுதுடி. எத்தனையைத்தான் ஞாபகம் வெச்சுக்கறது?

மகள்: சரி, ஒரு ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டறேன்... அப்பா, இப்ப அடிங்க.

தம்பி: அடிச்சேன்.

மகள்: ஒண்ணும் வரலை. இன்னொரு தடவை... ம்ஹூம். பொட்டுகூட வரலை. இந்தக் கனெக்டர்தானே காயிலுக்குப் போகுது?

அக்கா: அதைப் பிடிச்சு இழுக்காதே, பழசு. உடைஞ்சா இந்தக் காலத்துல கிடைக்காது.

மகள்: இழுக்கலை அத்தை. மெதுவாத்தான்... ம்... இதைப் பாருங்க.

தம்பி: என்ன?

மகள்: வெளியிலேர்ந்து பாத்தா நல்லா மாட்டின மாதிரிதான் இருக்கு. உள்ள இருக்கற பின்னு மட்டும் பின்னாடி போயிருக்கு. ஒரு நூல் அளவுதான். ஆனா எதிர்ப் பின்னைத் தொடலை.

அக்கா: அதிர்வுல போயிருக்கும். பழைய வண்டி.

தம்பி: ஆமா, ஆமா. அதிர்வுதான்.

மகள்: அதிர்வுல போகாது. உள்ள ஒரு குட்டி நாக்கு இருக்கு, அதுதான் பின்னுக்குப் பூட்டு. ஊசி மாதிரி எதையாவது விட்டு அதை அமுக்கினாத்தான் பின்னு நகரும். இங்க கீறல்கூட இருக்கு பாருங்க. புதுக் கீறல்.

அக்கா: உனக்கு இருக்கற கண்ணு!

மகள்: ஒரு தள்ளு தள்ளினா... க்ளிக். உக்காந்துடுச்சு. அப்பா, அடிங்க.

தம்பி: அடிக்கிறேன்.

மகள்: வந்துடுச்சு! நீல ஸ்பார்க்! பாத்தீங்களா?

தம்பி: பாத்தேன். நீலம். சரி, சந்தோஷம். இதோட விட்டுடு.

மகள்: எதுக்கு விடணும்? ப்ளக்கை மாட்டிட்டேன். இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க.

தம்பி: பேட்டரி இறங்கிடும்மா.

மகள்: பண்ணுங்கப்பா... ம்... இன்னும் கொஞ்சம்... சே. பிடிக்கலை.

அக்கா: பிடிக்கலையா? எப்படிப் பிடிக்காம போகும்?

மகள்: ஏன் அத்தை, பிடிச்சே ஆகணுமா?

அக்கா: இல்லை... ஸ்பார்க்தான் வந்துடுச்சே. அதைச் சொன்னேன்.

தம்பி: பழைய வண்டின்னா அப்படித்தான். ஒண்ணு போனா ஒண்ணு வரும். நான் அப்புறம் நிதானமா பாத்துக்கறேன். வாங்க, சாப்பிடலாம்.

மகள்: இருங்கப்பா. ப்ளக்கை மறுபடி கழட்டிப் பாத்தேன், நனையவே இல்லை. இவ்வளவு நேரம் சுத்தியிருக்கு, பெட்ரோல் வாசனையாவது வரணுமே. காஞ்சு கிடக்கு.

தம்பி: டேங்க்கு முழுக்க பெட்ரோல் இருக்கு.

மகள்: டேங்க்குல இருக்கு. இன்ஜினுக்கு வரலை. நடுவுல இருக்கற டேப் எப்படித் திறக்கும்?

தம்பி: அது... கையால திருப்பி வெச்சிருக்கேன். சரியாத்தான் இருக்கு.

அக்கா: கையால மட்டும் இல்லையேடா. இன்ஜின் சுத்தறப்போ அந்தச் சின்ன ட்யூப் வழியா காத்தை உறிஞ்சும், உறிஞ்சினாத்தான் டேப் திறக்கும்னு நீதானே மொத வாரம் எனக்குப் பாடம் எடுத்தே?

தம்பி: நீ கொஞ்சம் சும்மா இருக்கியா?

மகள்: எந்த ட்யூப்? இந்தக் கறுப்பா, பென்சில் கனத்துல இருக்கே, இதுவா?

தம்பி: அது போன மாசம்தான் மாத்தினேன். புதுசு. அதுல ஒண்ணும் இருக்காது.

மகள்: ஊதிப் பாத்தா தெரிஞ்சுடும்... ஃபூ... ஃபூ... போகலை.

தம்பி: புது ட்யூப் கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும்.

மகள்: இறுக்கமா? நடுவுல கட்டியா ஏதோ நெருடுது. இருங்க, பிதுக்கிப் பாக்கறேன்... வருது... வருது... இந்தாங்க.

அக்கா: என்னடி அது?

மகள்: இரும்பு குண்டு. சைக்கிள் சக்கரத்துக்கு நடுவுல போடுவாங்களே, அது.

அக்கா: அது எப்படி ட்யூப்புக்குள்ள போச்சு?

தம்பி: ... அதிர்வுல.

மகள்: அப்பா!

தம்பி: என்ன?

மகள்: ட்யூப்பையும் ப்ளக்கையும் மாட்டியாச்சு, நீங்களே இப்ப அடிங்க. இல்லை, தள்ளுங்க, நானே அடிக்கிறேன்.

அக்கா: வேண்டாண்டி...

மகள்: கேட்டீங்களா! ஒரே அடி! நாலும் பிடிச்சுக்கிச்சு! அப்பா, என்ன சத்தம் பாருங்க! ... என்ன? ஏன் ரெண்டு பேரும் இப்படி நிக்கிறீங்க?

தம்பி: ஆஃப் பண்ணு.

மகள்: என்னது? கேக்கலை!

அக்கா: ஆஃப் பண்ணுடி!

மகள்: பண்ணிட்டேன். அஞ்சு வாரமா இதுக்குத்தானே தவம் கிடந்தீங்க? இப்ப வண்டி ஓடுது, ரெண்டு பேரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னா என்ன அர்த்தம்? சரி, நானே கேக்கறேன். பின்னைத் தள்ளினது யாரு? குண்டு போட்டது யாரு?

அக்கா: பின்னு... நான்தான்.

தம்பி: நீயா?

அக்கா: ஆமாடா, நான்தான். தையல் ஊசியால தள்ளினேன். மொத ஞாயித்துக்கிழமைக்கு முந்தின நாள், நீ கடைக்குப் போயிருந்தப்போ.

தம்பி: அஞ்சு வாரமா மீட்டரை வெச்சு அளந்து அளந்து, 'நல்லா இருக்கு, நல்லா இருக்கு'ன்னு சொன்னது...

அக்கா: பொய். பேட்டரி மட்டும் நெஜம்.

தம்பி: அடப்பாவி! அப்ப நான் எதுக்கு மெனக்கெட்டு அந்தக் குண்டைத் தேடிப் பிடிச்சு...

மகள்: ஓஹோ.

தம்பி: ... வாய் தவறி வந்துடுச்சு.

மகள்: வந்தது வந்துடுச்சு, மிச்சத்தையும் சொல்லுங்க. உங்க வண்டியை நீங்களே எதுக்குப்பா அடைச்சீங்க?

அக்கா: அவன் சொல்ல மாட்டான். நான் சொல்றேன். இவனுக்குக் கண்ணு தெரியலை.

தம்பி: அக்கா!

அக்கா: என்ன அக்கா? துவைக்கறதுக்கு உன் சட்டையை எடுத்தேன். பையில கண் ஆஸ்பத்திரி சீட்டு இருந்தது. நீயா சொல்லுவே, நீயா சொல்லுவேன்னு ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் பாத்தேன். நீ என்னடான்னா பெட்டி வாங்கறே, லைட்டு வாங்கறே, நெஞ்சு வரைக்கும் கண்ணாடி வாங்கறே. இந்தப் பைத்தியம் நெஜமாவே கிளம்பிடப் போகுதேன்னு பின்னை அப்படியே விட்டு வெச்சேன். முன்னூறு கிலோ வண்டி. பக்கத்துல இருக்கற டீ டம்ளர் தெரியாதவன், பக்கத்துல வர்ற லாரியை எப்படிடா பாப்பான்?

தம்பி: கண்ணு தெரியாம இல்லை. நேரா பாத்தா எல்லாம் தெரியுது. இந்த வண்டியில இருக்கற சின்ன எழுத்தைக்கூட இப்ப படிப்பேன். பக்கத்துலதான்... ஒரு குழாய்க்குள்ள இருந்து பாக்கற மாதிரி. அது இறுகிக்கிட்டே வருது.

மகள்: டாக்டர் என்ன சொன்னாங்க?

தம்பி: சொட்டு மருந்து குடுத்திருக்காங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. போனது போனதுதான், திரும்ப வராது. இருக்கறது நிக்குமாம்.

அக்கா: ஒழுங்கா போடறியா?

தம்பி: போடறேன்.

அக்கா: அப்புறம் எதுக்குடா டூரு, கடலோர ரோடுன்னு கதை? போகலைன்னு ஒரு வார்த்தை சொன்னா நாங்க என்ன உன்னைத் தூக்கியா போடப் போறோம்?

தம்பி: போகலைன்னா ஏன்னு கேப்பீங்க. வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. பாவம், வண்டி காலை வாரிடுச்சுன்னு சொல்லுவாங்க. அதான் ஒரு குண்டு. அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

மகள்: அப்ப இந்த சீட்டு, லைட்டு, பெட்டி எல்லாம்?

தம்பி: மொதல்ல உங்க கண்ணைக் கட்டத்தான் ஆரம்பிச்சேன். அப்புறம்... வேலை செய்யறப்போ ஒண்ணும் ஞாபகம் வரலைமா. நட்டு எங்க இருக்கு, போல்ட் எங்க இருக்குன்னு கைக்கே தெரியுது. கைதான் பாக்குது. ஞாயித்துக்கிழமை இவ வருவா, திட்டுவா, நாள் போயிடும். திங்கட்கிழமைதான் கஷ்டம்.

அக்கா: திங்கட்கிழமை என்ன?

தம்பி: காலையில நாலு மணிக்கு முழிப்பு வந்துடுது. யூனிஃபார்ம் மாட்டியிருக்கற ஆணியைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன்.

அக்கா: லீவு முடிஞ்சா மறுபடி போகத்தானே போறே?

தம்பி: லீவுமில்லை, ஒண்ணுமில்லைக்கா.

அக்கா: என்னடா சொல்றே?

தம்பி: பஸ்ஸை விட்டு இறக்கிட்டாங்க.

அக்கா: எப்ப?

தம்பி: அஞ்சு வாரமாச்சு. இனிமே டிப்போவுல உக்காந்து டோக்கன் குடுக்கற வேலை. அதுவும் அடுத்த மாசத்துலேர்ந்துதான்.

அக்கா: எப்படிடா இறக்குவாங்க? இருபத்தாறு வருஷம் ஒரு கீறல் இல்லாம ஓட்டினவனை... அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சது?

தம்பி: யாரோ லெட்டர் எழுதிப் போட்டுட்டாங்க. பேரு போடலை. 'ஒன்பதாம் நம்பர் பஸ் டிரைவருக்குக் கண்ணு சரியில்லை, யாருக்காவது ஏதாவது ஆகறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு பாருங்க'ன்னு. மேனேஜர் கூப்பிட்டுக் காட்டினார்.

அக்கா: மொட்டைக் கடுதாசியா? அவன் கை விளங்காம போக! நேரா வந்து சொல்ல வாயில்லையா அவனுக்கு? கூட வேலை செய்யறவனாத்தான் இருக்கும். உன் ரூட்டு மேல கண்ணு வெச்ச எவனோ...

தம்பி: யாரோ. விடுக்கா.

அக்கா: எப்படி விடறது? ஒரு மனுஷனோட பொழப்பைக் கெடுத்துட்டு ஒளிஞ்சு நிக்கிறானே, அவன் நல்லா இருப்பானா? அவன் வீட்டுல...

மகள்: அத்தை, திட்டாதீங்க.

அக்கா: ஏன் திட்டக் கூடாது? உங்கப்பனுக்கு ஒண்ணுன்னா எனக்கு வயிறு எரியாதா?

மகள்: திட்டாதீங்கன்னு சொல்றேன் இல்ல.

அக்கா: நீ எதுக்குடி இப்ப கண்ணைக் கசக்கறே?

மகள்: அந்த லெட்டர்... நான்தான் அத்தை.

அக்கா: எந்த... என்னது?

மகள்: நான்தான் எழுதினேன்.

அக்கா: விளையாடறியா?

மகள்: அந்தச் சனிக்கிழமை ஒரு கடைக்கு மெஷின் பாக்கப் போயிட்டிருந்தேன். ஒன்பதாம் நம்பர் வந்தது. அப்பா பஸ்ஸு. பின் படியில ஏறி, கடைசி சீட்டுல உக்காந்தேன். இறங்கறப்போ முன்னாடி வந்து நின்னு ஆச்சரியப்படுத்தலாம்னு. மார்க்கெட் ஸ்டாப்புல...

தம்பி: நீ அந்த பஸ்ஸுல இருந்தியா?

மகள்: இருந்தேன்ப்பா. பஸ்ஸோட பக்கக் கண்ணாடி ஒருத்தர் தோள்ல இடிச்சது. அவர் ஓரமாத்தான் நின்னார். நீங்க திரும்பிக்கூடப் பாக்கலை. ஜனங்க கத்தினதுக்கப்புறம்தான் பிரேக் போட்டீங்க. அவருக்கு ஒண்ணும் ஆகலை. ஒரு அடி முன்னாடி நின்னிருந்தா?

அக்கா: அப்பவே அவன்கிட்ட சொல்லியிருக்கலாமேடி.

மகள்: ரெண்டு ஸ்டாப் தள்ளி பின் படியிலயே இறங்கிட்டேன். அன்னைக்கு மூணு தடவை போன் பண்ணினேன். மூணு தடவையும் 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டேன். வேற எதுவும் வாயில வரலை. சொல்லியிருந்தா நீங்க என்னப்பா சொல்லியிருப்பீங்க?

தம்பி: போய் உன் வேலையைப் பாருன்னு சொல்லியிருப்பேன்.

மகள்: அதான் எழுதினேன். ஞாயித்துக்கிழமை முழுக்க எழுதி எழுதிக் கிழிச்சேன். பேரு போட தைரியம் வரலை. திங்கட்கிழமை காலையில பெட்டியில போட்டுட்டேன்.

அக்கா: ஒரு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பாக்காததுக்கு இதான் காரணமா?

மகள்: எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வருவேன் அத்தை? லீவு போட்டு டூரு போறார்னு நீங்க சொன்னப்போ, சரி, டெஸ்ட் பண்ணிப் பாத்து அப்பா கண்ணுல ஒண்ணும் இல்லைன்னு விட்டுட்டாங்க போல, வேலைக்கும் ஒண்ணும் ஆகலைன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். அந்த நம்பிக்கையிலதான் இன்னைக்கு வண்டியில கை வெச்சேன். இப்பதான் தெரியுது, நான்தான் இறக்கியிருக்கேன்னு.

அக்கா: ... நான் திட்டினதை மனசுல வெச்சுக்காதேடி. நான் யாரையோ நினைச்சுக்கிட்டு...

மகள்: நீங்க திட்டினது சரிதான். அப்பா, ஏதாவது சொல்லுங்க. கத்தவாவது கத்துங்க.

தம்பி: திங்கட்கிழமை எத்தனை மணிக்குப் பெட்டியில போட்டே?

மகள்: அது எதுக்கு இப்ப?

தம்பி: சொல்லு.

மகள்: வேலைக்குப் போறப்போ. எட்டரை இருக்கும்.

தம்பி: புதன்கிழமைதான் அது மேனேஜர் மேஜைக்கு வந்தது. சாயங்காலம் வீட்டுக்கே போன் பண்ணி வரச் சொல்லிக் காட்டினார்.

மகள்: சரி... அதனால என்னப்பா?

தம்பி: திங்கட்கிழமை காலையில அஞ்சே கால் மணி. மொத ட்ரிப்பு எடுக்கணும். பஸ்ஸுல ஏறி உக்காந்தேன். அந்த ஆள் தோளைத் தேய்ச்சுக்கிட்டு நின்னதே ஞாபகத்துக்கு வந்தது. சாவியைப் போடாமயே இறங்கிப் போய், மேனேஜர் வர்ற வரைக்கும் வாசல்ல நின்னு, எனக்குக் கண்ணு சரியில்லைன்னு சொல்லிச் சாவியை அவர் கையிலயே குடுத்துட்டு வந்தேன். யாரோ இறக்கிட்டாங்கன்னு சொன்னா நீங்க அந்த யாரோவைத் திட்டிட்டு விட்டுடுவீங்க. நானே இறங்கினேன்னு சொன்னா என்னைப் பாவமா பாப்பீங்க. அது எனக்கு ஆகாது, அதான் சொல்லலை. உன் லெட்டர் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நான் இறங்கிட்டேன்மா.